தலையெழுத்தும் தலைக்கவசமும்

(ஒரு சந்தைப்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நான் பேசவேண்டுமென்று நோட்டீசில் போட்டிருக்கிற விஷயம் "ஹெல்மெட் சட்டமும் ஜனங்களின் எதிர்ப்பும்" என்பதாகும். நோட்டீசைப் பார்த்துவிட்டு, "இந்த ஆள் எப்போது போலீசுக்குப் பிரசாரகனானான்?" என்று பஸ் நிலையத்தில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்களாம். அவர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, சர்க்கார் போட்டுவிட்டதனாலேயே ஒரு சட்டம் நல்லதாகிவிடும் என்றோ, அதை எதிர்க்கிறவனெல்லாம் அயோக்கியன் என்றோ நான் சொல்ல வரவில்லை என்பதுதான். சட்டத்தை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நாம். எந்தச் சட்டத்தையும் எதிர்க்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் எதிர்ப்பது புத்தியினாலா, பழக்கத்தினாலா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமா, வேண்டாமா?

முதலில் சங்கதியைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவன் தலைக்கவசம் அணியவேண்டும் என்பது நேற்றுப் போட்ட சட்டமல்ல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 129ஆவது பிரிவாக இருப்பது. அதை மீறினால் 100 ரூபாய் அபராதம் என்று வெகுகாலம் இருந்து வந்தது. 100 ரூபாய்க்கு யார் பயப்படுகிறார்கள்? நமது மாகாணத்தில் 2007 ஜூன் முதல் தேதியிலிருந்து கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாள் தலையில் இருந்தது, பிறகு பரணுக்குப் போய்விட்டது. 2015இல் சென்னை ஐகோர்ட்டு, ஜூலை முதல் தேதிக்குமேல் போடாதவனுடைய லைசென்சைப் பிடுங்கு என்று உத்தரவு போட்டது. அப்போது ஹெல்மெட் கடை வாசலில் கூட்டம் அலைமோதியதையும், விலை ஏறியதையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலை பிறந்தபோதே இருந்தது. கவசத்துக்கு மாத்திரம் ஜூன் 30ஆம் தேதி இராத்திரி அவசரம் வந்துவிட்டது! அந்த வருஷம் செப்டம்பரில் மதுரையில் வக்கீல்களே அந்த உத்தரவை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். சட்டம் படித்தவர்கள் நிலை அது.

நம் ஊரில்தான் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். 2019இல் பூனாவில் போலீசார் கண்டிப்புக் காட்டியபோது, எதிர்ப்புக் கமிட்டி அமைத்து, வெறுந்தலையோடு வண்டி ஊர்வலம் விட்டு, ஹெல்மெட்டுக்கே ஈமக்கிரியையும் செய்தார்கள். நல்ல வேடிக்கை. ஹெல்மெட்டுக்குக் கருமாதி செய்தால் அது சாகப்போவதில்லை. அதே வருஷத்தில் மத்திய சர்க்கார் அபராதத்தை 1000 ரூபாயாக்கி, மூன்று மாதம் லைசென்சை நிறுத்தவும் வழி செய்தது. குஜராத் சர்க்கார் அதை 500ஆகக் குறைத்தது. டிசம்பரில் நகரங்களுக்குள் போடவே வேண்டியதில்லை என்றும் சொல்லிப் பார்த்தது. பிறகு கொஞ்ச காலத்துக்குள் சொன்னதை விழுங்க வேண்டியதாயிற்று. ஓட்டுக்குப் பயந்த சர்க்கார்கள் இப்படித்தான் செய்யும்.

இனி, எதிர்ப்புக்குச் சொல்லப்படும் காரணங்களைப் பார்ப்போம். வேர்க்கிறது, முடி கொட்டுகிறது, காது கேட்கவில்லை, வண்டியை விட்டு இறங்கினால் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கிறது, கல்யாணத்துக்குப் போகும்போது தலைவாரினது கலைகிறது - இவை ஒரு தினுசு. இதற்கெல்லாம் நான் நீண்ட பதில் சொல்லப் போவதில்லை. செருப்புக்கூட முதலில் கடிக்கத்தான் செய்கிறது. வியட்நாம் தேசம் நம்மைப் போலவே வெயில் காய்கிற தேசம். நம்மைப் போலவே ஏழை ஜனங்கள். வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள். அவர்களும் ஹெல்மெட்டைச் சோறு வடிக்கிற மின்சாரப் பானை என்று கேலிதான் பண்ணிக்கொண்டிருந்தார்கள். 2007 டிசம்பர் 15ஆம் தேதி முதல் எல்லா ரோட்டிலும் கட்டாயம் என்று சட்டம் வந்ததும், 100க்கு 90 பேருக்கு மேல் அணியலானார்கள். 20 ஆஸ்பத்திரிகளின் கணக்கை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டதில், விபத்தில் வந்தவர்களில் தலைக்காயத்தின் அபாயம் 100க்கு 16 பங்கும், சாவின் அபாயம் 18 பங்கும் குறைந்திருந்தன. அவர்களுக்கும் வேர்க்கத்தான் வேர்த்தது.

நிற்க. வெளியில் சொல்லுகிற இந்தக் காரணங்களுக்கு அடியில் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைப்பற்றிப் பேசத்தான் நான் வந்தேன். "ஆயுசு இருந்தால் எவனும் சாகமாட்டான், தலையெழுத்து முடிந்தால் இரும்புப் பெட்டிக்குள் இருந்தாலும் சாவான்" என்பதே அந்தக் காரணம். இதைப் படிக்காதவன் மாத்திரம் சொல்லவில்லை. பட்டம் வாங்கினவனும், ஏன், வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனுமே சொல்லுகிறான்.

தோழர்களே, புது வண்டி வாங்குகிறவனைக் கவனித்திருக்கிறீர்களா? கடையிலிருந்து வண்டி வெளியே வந்ததும் நேரே கோயில் வாசல். நான்கு எலுமிச்சம்பழம், இரண்டைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்க, இரண்டைக் கட்டித் தொங்கவிட. பூசணிக்காய் ஒன்று. கண் திருஷ்டிக்குக் கறுப்புக் கயிறு. மாலை, கற்பூரம், தட்சணை. எல்லாம் சேர்ந்து 500, 600 ரூபாய் ஆகிறது. அங்கே எவனும் "தலையெழுத்துப்படி நடக்கட்டும், எலுமிச்சம்பழம் எதற்கு?" என்று கேட்பதில்லை. ஹெல்மெட்டை எடுத்து நீட்டினால் மாத்திரம், "எல்லாம் அவன் செயல்" என்கிற ஞானம் பிறந்துவிடுகிறது! தலையெழுத்து மெய்யானால் பழமும் வேண்டாம், கயிறும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாமே. பிரேக் தேய்ந்தால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறானே, அங்கே விதி எங்கே போயிற்று? ஆக, விதி என்பது நமக்குச் சோம்பலாய் இருக்கும் இடத்தில் மாத்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிற வஸ்துவாக இருக்கிறது.

எழுத்து தலையில் இருக்கிறதோ இல்லையோ, மூளை அதற்குள்தான் இருக்கிறது. ஒரு தேங்காய்க்குள் வழுக்கை இருக்கிறதுபோல மண்டையோட்டுக்குள் மூளை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஒருவன் நேரே சுவரில் மோதினால், அது சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இதை யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தெரியும். 60 கிலோமீட்டரானால் 46 அடி. மாடியிலிருந்து தலைகீழாகக் குதிக்கச் சொன்னால் சம்மதிக்காதவன், ரோட்டில் அதே வேகத்தில் செல்போனைக் காதில் அண்டக் கொடுத்துக்கொண்டு போகிறான்.

தலை தார்ரோட்டில் அடிக்கும்போது, கண் மூடித் திறப்பதற்குள் நின்றுவிடுகிறது. மண்டையோடு நின்றுவிடுகிறது, உள்ளே இருக்கிற மூளை நிற்பதில்லை, அது போய் ஓட்டில் மோதுகிறது, இரத்தக் குழாய் கிழிகிறது. வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமல்கூட ஆள் போய்விடுவான். ஹெல்மெட்டின் உள்ளே வெள்ளையாகத் தெர்மாக்கோல் போல ஒன்று வைத்திருக்கிறானே, அது அழகுக்கல்ல. அது நசுங்குவதற்காகவே வைத்தது. அது நசுங்குகிற ஒரு அங்குல தூரத்துக்குள் தலை கொஞ்சம் நிதானமாக நிற்கிறது. அந்த ஒரு அங்குலந்தான் சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள வித்தியாசம். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. அரேபியாவில் யுத்தம் செய்து பேர்பெற்ற லாரன்ஸ் என்ற இங்கிலீஷ்காரர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் போன இரண்டு பையன்களைத் தப்பவிட வேண்டி வண்டியைத் திருப்பி விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்க்க வந்த டாக்டர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்பவர் ஒருவர், மூளை வைத்தியர். அவர் "விதி முடிந்துவிட்டது" என்று கையைக் கழுவிக்கொண்டு போகவில்லை. கணக்கு எடுக்க ஆரம்பித்தார். யுத்தம் தொடங்கிய முதல் 21 மாதத்தில் மாத்திரம் அந்தத் தேசத்து ரோடுகளில் மோட்டார் சைக்கிளில் போனவர்கள் 2,279 பேர் செத்திருப்பதையும், தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் காயம் இலேசாக இருப்பதையும் 1941இல் எழுதி வெளியிட்டார். அந்த வருஷம் நவம்பரிலேயே இராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களெல்லாம் கவசம் அணியவேண்டுமென்று உத்தரவாயிற்று. மற்ற ஜனங்களுக்குச் சட்டம் வந்தது 1973இல். அறிவு வந்து 32 வருஷம் கழித்துச் சட்டம் வந்திருக்கிறது. அங்கேயும் எதிர்ப்புக்குக் குறைவில்லை.

அந்த எதிர்ப்பில் ஒருவரைப்பற்றி நான் சொல்லியாக வேண்டும். பிரெட் ஹில் என்று ஒரு கிழவர். யுத்தகாலத்தில் இராணுவத்துக்குக் கடிதம் சுமந்து மோட்டார் சைக்கிள் ஓட்டினவர். என் தலை என் இஷ்டம் என்று துணித் தொப்பியோடு வண்டி ஓட்டினார். அபராதம் போட்டார்கள், கட்டமாட்டேன் என்றார். ஜெயிலில் போட்டார்கள், வந்து மறுபடியும் தொப்பியோடு ஓட்டினார். எத்தனையோ தடவை ஜெயிலுக்குப் போய், கடைசியில் 1984இல் லண்டன் பென்டன்வில் சிறையிலேயே இறந்தார். அவர் கொள்கை தப்பு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் மானமுள்ள தப்பு. நம்மவன் என்ன செய்கிறான்? ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்கின்மேல் வைத்துக்கொண்டு வருகிறான். தூரத்தில் காக்கிச் சட்டையைக் கண்டதும் எடுத்து மாட்டுகிறான். அந்த இடம் தாண்டியதும் கழற்றிவிடுகிறான். எதிரே வருகிறவன் விளக்கைச் சிமிட்டி "போலீஸ் நிற்கிறான்" என்று ஜாடை காட்டுகிறான்; "லாரி வருகிறது" என்று எவனாவது ஜாடை காட்டியதுண்டா? இதற்குச் சுதந்திரப் போராட்டம் என்று பெயர் வைத்தால், சுதந்திரம் என்கிற வார்த்தைக்கே கேவலம். போலீஸ்காரன் இல்லாத இடத்தில் தன் தலைக்கு விலையில்லை என்று நினைக்கிறவனுக்கு இருக்கிற சுயமரியாதை எவ்வளவு என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

"என் தலைதானே, உனக்கென்ன?" என்கிறான். மெய்தான், தலை அவனுடையது. வண்டி யாருடையது? பைனான்ஸ்காரனுடையது. 36 தவணையில் 7 கட்டியிருக்கும்போது ஆசாமி போய்விட்டால் மீதி 29 தவணைக்கு யார் வாசலில் வந்து நிற்பான்? செத்துப்போனால்கூட ஒரு தினுசில் கதை முடிந்தது. சாகாமல் பிழைத்து, பேச்சு வராமல், ஒரு பக்கம் கைகால் விளங்காமல், பெற்ற பிள்ளையின் பெயர் தெரியாமல் கட்டிலில் கிடக்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அவனுக்கு மூத்திரம் அள்ளுகிறவள் யார்? கூலிக்குப் போவதையும் விட்டுவிட்டு, பத்து வருஷம், பதினைந்து வருஷம், அந்தக் கட்டிலோடு தன் ஆயுளையும் கட்டிப்போட்டுக் கிடக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் "என் இஷ்டம்" என்றானா? தனக்குமாத்திரம் நஷ்டம் வருகிற காரியத்தில் ஒருவன் தன்னிஷ்டப்படி நடக்கட்டும் என்பதற்கு நான் கட்டுப்படுகிறேன். இது அப்படிப்பட்ட காரியமல்ல.

பெண்கள் சங்கதி இன்னும் மோசம். இந்தச் சபையில் தாய்மார்கள் வந்திருப்பதால் நன்றாய் உறைக்கும்படியே சொல்லுகிறேன். புருஷன் முன்னால் ஹெல்மெட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பின்னால் மனைவி வெறுந்தலையோடு, இரண்டு காலையும் ஒரே பக்கம் தொங்கவிட்டு, சேலைத் தலைப்பு சக்கரத்தில் சிக்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மடியில் ஒரு குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். வண்டி சறுக்கினால் இருவரும் ஒரே ரோட்டில்தான் விழப்போகிறார்கள். இதில் ஒரு தலைக்குக் கவசம், இன்னொரு தலைக்கு மல்லிகைப்பூ! டில்லியில் 2014 வரையில் பெண்களுக்குச் சட்டமே விலக்குக் கொடுத்திருந்தது. சலுகையாம்! சொத்தில் பங்கு கேட்டால் தராதவர்கள், மண்டை உடைவதில் மாத்திரம் சலுகை கொடுத்தார்கள். 2022ஆம் வருஷத்தில் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இரண்டு சக்கர வண்டி விபத்தில் செத்தவர்கள் 50,029 பேர் என்று சர்க்கார் கணக்குச் சொல்லுகிறது. அதில் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் 14,337. தினம் 39 பேர். வண்டி ஓட்டத் தெரியாமல், நிறுத்தவும் அதிகாரமில்லாமல் பின்னால் உட்கார்ந்த குற்றத்துக்குச் செத்தவர்கள் இவர்களில் எத்தனை பேரோ!

அந்த 50,029 பேரும் ஹெல்மெட் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நான் புளுகமாட்டேன். பல தேசத்து ஆராய்ச்சிகள் 61ஐச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளியிட்ட கணக்குப்படி, ஹெல்மெட் சாவை 100க்கு 42 பங்கும் தலைக்காயத்தை 69 பங்கும் குறைக்கிறது. அந்தக் கணக்கை இதற்குப் போட்டால் சுமார் 21,000 பேர். ஒரு வருஷத்துக்கு. நமது தாலூகா கச்சேரி இருக்கிற ஊரின் மொத்த ஜனத்தொகையும் அவ்வளவு இராது.

இனி, எதிர்ப்பில் நியாயமான பாகம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஒருதலையாய்ப் பேசினவனாவேன். 2018 மார்ச்சில் திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூரில், ஹெல்மெட் இல்லாமல் வந்த ஒரு தம்பதியைப் போலீஸ் அதிகாரி ஒருவர் விரட்டிப்போய் வண்டியை உதைத்தார் என்று புகாராகி, பின்னால் இருந்த பெண் விழுந்து செத்ததும், ஆயிரக்கணக்கான ஜனங்கள் ரோட்டை மறித்ததும், அந்த அதிகாரி கைதானதும் உங்களுக்குத் தெரியும். உயிரைக் காப்பாற்றுகிற சட்டத்தின் பேரால் உயிரை எடுத்தால் அந்தச் சட்டத்தை ஜனங்கள் எப்படி மதிப்பார்கள்? அந்தக் கோபம் நியாயமான கோபம். வளைவில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து குறுக்கே பாய்கிறதும், ரசீது இல்லாமல் காசு வாங்குகிறதும், ஏழையின் பழைய வண்டியைப் பிடித்துவிட்டுக் கட்சிக்கொடி கட்டின வண்டியைச் சலாம் போட்டு அனுப்புகிறதும் நிற்கவேண்டும். ரோட்டில் பள்ளம் விழுந்தால் எஞ்சினீயருக்கு என்ன அபராதம்? விளக்கு எரியாத வேகத்தடைக்குக் காண்டிராக்டருக்கு என்ன அபராதம்? இதையெல்லாம் நாம் கேட்கத்தான் வேண்டும், கூட்டம் போட்டுக் கேட்கவேண்டும். ஆனால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கேட்போம். போலீஸ்காரன்மேல் இருக்கிற கோபத்தைத் தன் மண்டைமேல் காட்டிக்கொள்கிறவனை என்னவென்று சொல்லுவது?

அமெரிக்காவில் 2011 ஜூலையில், நியூயார்க் மாகாணத்தில் ஹெல்மெட் சட்டத்தை எதிர்த்து மோட்டார் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். அதில் வெறுந்தலையோடு போன ஒருவர் பிரேக் போட்டபோது வண்டி நிலைதடுமாறி, முன்னால் தூக்கி எறியப்பட்டு, தலையில் அடிபட்டு இறந்தார். போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று அந்த ஊர்ப் போலீசார் சொன்னார்கள். இதைச் சிலர் சிரித்துக்கொண்டு சொல்லுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய கூட்டாளிகள் அன்றைக்கு ஊர்வலத்தை எப்படி முடித்துக்கொண்டு வீடு போனார்களோ தெரியாது.

மூன்று சீட்டு வந்திருக்கிறது. பதில் சொல்லி நிறுத்திக்கொள்ளுகிறேன்.

முதல் சீட்டு: "ஹெல்மெட் போட்டவனும் சாகிறானே?" சாகிறான். மருந்து சாப்பிட்டவனும் சாகிறான். அதற்காக ஆஸ்பத்திரியை மூடிவிடலாமா? நெஞ்சில் லாரி ஏறினால் தலைக்கவசம் என்ன செய்யும்? அதற்கு வேகத்தைக் குறைப்பதும், குடித்துவிட்டு ஓட்டாமல் இருப்பதுந்தான் கவசம்.

இரண்டாவது: "தலைப்பாகை கட்டின சீக்கியருக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நமக்கு ஏன் இல்லை?" இந்தத் தோழர் விலக்கு வேண்டுமென்று கேட்கிறாரா, விலக்கு கூடாதென்று கேட்கிறாரா தெரியவில்லை. 129ஆவது பிரிவிலேயே அந்த விலக்கு இருப்பது வாஸ்தவம். இங்கிலாந்திலும் 1976இல் கொடுத்தார்கள். எந்த மதத்தான் என்று தார்ரோடு விசாரிப்பதில்லை என்பதே என் அபிப்பிராயம். சர்க்கார் மதத்தைப் பார்த்து விட்டுக்கொடுத்தது அவர்களுக்கு லாபமா, நஷ்டமா என்பதை அந்த மதத்து வாலிபர்களே யோசிக்கட்டும். நமக்கு அந்த நஷ்டத்தில் பங்கு வேண்டுமென்று கேட்பது புத்திசாலித்தனமல்ல.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் அனுப்பியது: "என் மகன் ரோட்டோரத்தில் 250 ரூபாய்க்கு வாங்கினான். அது போதுமா?" போதாது அம்மா. 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம்; இருந்தும் ரோட்டோரத்தில் விற்கிறான், முத்திரையையும் பொய்யாய் ஒட்டி விற்கிறான். உள்ளே தெர்மாக்கோலுக்குப் பதிலாக வெறும் பஞ்சு வைத்திருந்தால் அது வெயிலுக்குத்தான் ஆகும். ஒரு தடவை பலமாய் அடிபட்டதையும் மறுபடி போடக்கூடாது. உள்ளே இருப்பது ஒரு முறைதான் நசுங்கும். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். தலையில் மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இறுக்கி, பின்பக்கத்தைப் பிடித்து முன்னால் கவிழ்க்கப் பாருங்கள். கழன்று வந்தால் அது பெரிய சைஸ், சின்னதைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.